புயல் வருமுன் முடிந்துவிடும் போட்டி

அமெரிக்காவில் சூறாவளிகளை ஐந்து தரமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தரச் சூறாவளியின் காற்று மணிக்கு 119 கிலோமீட்டரில் தொடங்குகிறது. ஐந்தாம் தரம் 252 கிலோமீட்டரில் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் காற்று ஓய்ந்தபின் தெருவில் கிடக்கும் குப்பை எவ்வளவு கூடும்? அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கணக்குப்படி 40 மடங்கு.

காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயரும். வேகம் 2.1 மடங்கானால் விசை ஏறக்குறைய நாலரை மடங்காகும். பிறகு 40 எங்கிருந்து வந்தது? மரமும் கூரையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைவதில்லை என்பதிலிருந்துதான். ஓர் எல்லை வரை வளைந்து கொடுக்கும் கிளை, எல்லை தாண்டியதும் முறிந்துவிடும். கூரையின் ஓரத்தில் ஒரு தகடு பிய்ந்தால், அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே புகுந்து மிச்சக் கூரையையும் தூக்கும். ஒரு வீட்டின் தகடு பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கும். ஆயிரக்கணக்கான எல்லைகள் ஒரே இரவில் தாண்டப்படும்போது குப்பை மலையாகிறது.

இந்த மலையைப் புயல் வருவதற்கு முன்பே அளந்துவிட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது பொறியாளர் படை. ஊரின் மக்கள்தொகையை மூன்றால் வகுத்தால் வீடுகளின் எண்ணிக்கை. அதைச் சூறாவளியின் தரத்துக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும்: முதல் தரத்துக்கு 2, இரண்டாவதற்கு 8, மூன்றாவதற்கு 26, நான்காவதற்கு 50, ஐந்தாவதற்கு 80. மரம் அடர்ந்த ஊரா என்பதற்கு 1.1 முதல் 1.5 வரை ஒரு பெருக்கெண். கடைகள் நெருக்கமா என்பதற்கு 1.0 முதல் 1.3 வரை இன்னொன்று. கனமழையும் சேர்ந்தால் 1.3. கிடைக்கும் விடை கன கெஜத்தில் வரும். ஒரு கன கெஜம் என்பது 27 கன அடி. நம் ஊரில் மணல் வாங்கும் 100 கன அடி யூனிட்டில் கால் பங்குக்குச் சற்று மேல்.

90,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். 30,000 வீடுகள். மூன்றாம் தரச் சூறாவளி, நடுத்தர மர அடர்த்திக்கு 1.3, நடுத்தரக் கடை நெருக்கத்துக்கு 1.2, கனமழைக்கு 1.3. பெருக்கினால் ஏறக்குறைய 15 லட்சத்து 80 ஆயிரம் கன கெஜம். பத்தடி உயரத்துக்குக் குவித்தாலும் கிட்டத்தட்ட 98 ஏக்கர் வேண்டும். லாரி போகும் வழியையும் தீ பரவாமல் விடும் இடைவெளியையும் சேர்த்தால் 160 ஏக்கரைத் தாண்டும். 30 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொறியாளர் படையே சொல்கிறது. ஆனாலும் குப்பை அள்ளும் தொழில் நிறுவனத்துக்கு இந்த எண் பொன்னானது. 40 கன கெஜ லாரி முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நிரம்பி 28 கன கெஜம் ஏற்றினால், 56,000 நடைக்கு மேல் தேவை. நூறு லாரிகள் நாளுக்கு ஆறு நடை போனால் மூன்று மாத வேலை. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்தான் டெண்டரில் நியாயமான விலை எழுத முடியும்.

டெண்டரை விடுவது யார்? பேரிடர் என்றதும் வாஷிங்டனிலிருந்து ஃபீமா என்ற கூட்டரசு முகமை லாரிகளோடு வந்து இறங்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். குப்பை அள்ளும் வேலையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. 1988-ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டத்தின்படி அதிபர் பேரிடரை அறிவித்தபின், கவுண்டியோ (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) நகராட்சியோ தானே ஒப்பந்ததாரரை அமர்த்தி வேலையை முடிக்கும். செலவில் குறைந்தது 75 சதவீதத்தை ஃபீமா திருப்பித் தரும். ஆக, ஒப்பந்தக் கையெழுத்து உள்ளூருடையது. பணத்தின் பெரும்பகுதி கூட்டரசுடையது. கூட்டரசுப் பணம் கலந்தால் கூட்டரசு விதிகளும் கூடவே வரும்: எல்லாருக்கும் தெரியும்படி விளம்பரம் செய்ய வேண்டும், நியாயவிலை என்னவென்று அரசே தனியாக மதிப்பிட்டு வைத்திருக்க வேண்டும், டெண்டரின் நிபந்தனைகளை எழுத உதவிய நிறுவனம் அதே டெண்டரில் போட்டியிடக் கூடாது.

இந்தப் போட்டியின் முக்கால்வாசி வெயிலடிக்கும் நாட்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. 2005-இல் கத்ரீனா சூறாவளி லூசியானாவையும் மிசிசிப்பியையும் சூறையாடியபோது, போட்டியே வைக்காமல் அவசரமாகக் கொடுத்த ஒப்பந்தங்கள் பெரும் கண்டனத்துக்கு ஆளாயின. அடுத்த ஆண்டே வந்த சட்டம், முன்கூட்டியே ஒப்பந்தங்களைத் தயார் நிலையில் வைத்திருக்கும்படி ஃபீமாவுக்குக் கட்டளையிட்டது. கவுண்டிகளும் அந்த வழிக்கு வந்தன. புயல் காலம் தொடங்குமுன் டெண்டர் விட்டு, கன கெஜத்துக்கு இத்தனை டாலர் என்று விலையைப் பூட்டி, கையெழுத்தை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு காசும் கைமாறாது. புயலே வராவிட்டால் அந்தக் காகிதம் காலாவதியாகிப் போகும். வந்தால், வேலையைத் தொடங்கு என்ற ஓர் உத்தரவோடு உயிர் பெறும்.

விலையை எப்படி எழுதுவது என்பதிலும் விதி உண்டு. கன கெஜத்துக்கு இவ்வளவு என்ற அலகு விலை எல்லாருக்கும் பிடித்தது. எவ்வளவு குப்பை என்பது தெரியாத முதல் சில நாட்களுக்கு மட்டும் ஆள்கூலி, இயந்திர மணிக்கணக்கு என்று உச்சவரம்போடு ஒத்துக்கொள்வார்கள். ஒரு வகை முற்றிலும் தடை: ஆன செலவுக்கு மேல் இத்தனை சதவீதம் லாபம் என்று எழுதுவது. செலவு கூடக்கூட லாபமும் கூடும் என்றால், சிக்கனமாக வேலை செய்பவன்தான் நஷ்டப்படுவான்.

அலகு விலை என்றாகிவிட்டால் அளவுதான் பணம். குப்பைக் கிடங்கின் வாசலில் உயரமான ஒரு மேடை இருக்கும். லாரி அதன் அடியில் வந்து நிற்க, மேலே இருப்பவர் எட்டிப் பார்த்து எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லி சுமைச் சீட்டில் பதிகிறார். லாரியின் உள்நீளம், அகலம், உயரம் எல்லாம் வேலை தொடங்குமுன்பே அளக்கப்பட்டு, கொள்ளளவு எண் அதன் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும். 40 கன கெஜ லாரியை 70 சதவீதம் என்றால் 28 கன கெஜம். அவர் 75 என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கன கெஜம். கணக்குக்காக விலையைப் பத்து டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நடைக்கு 20 டாலர். ஒரு நாளைக்கு ஆயிரம் நடை என்றால் 20,000 டாலர். ஒரு கண்ணசைவின் விலை இது.

அதனால்தான் மேடையில் நிற்பவர் குப்பை அள்ளும் நிறுவனத்தின் ஆளாக இருக்கவே கூடாது. அவர் கவுண்டியின் ஊழியராகவோ, கவுண்டி தனி டெண்டரில் அமர்த்திய கண்காணிப்பு நிறுவனத்தின் ஆளாகவோ இருப்பார். ஏற்றும் விதமும் கணக்கை மாற்றும். இரும்புக் கை கொண்ட இயந்திரம் கிளைகளை அழுத்தி ஏற்றும். கையால் அள்ளிப் போட்டால் உள்ளே வெறும் காற்றுதான் அதிகம். ஆகவே கையால் ஏற்றிய வண்டிக்கு, கண்ணில் தெரியும் அளவில் பாதிதான் கணக்கில் சேரும் என்று ஃபீமா வைத்திருக்கிறது. வேரோடு சாய்ந்த மரத்தின் அடிக்கட்டைக்குத் தனிச் சூத்திரமே உண்டு. அடிக்கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து வர்க்கமாக்கி, 0.7854-ஆல் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். வேர்ப்பந்துக்கும் அப்படியே செய்து, இரண்டையும் கூட்டி 46,656-ஆல் வகுத்தால் கன கெஜம். 0.7854 என்பது பை (π) என்ற எண்ணில் நாலில் ஒரு பங்கு. 46,656 என்பது ஒரு கன கெஜத்துக்குள் அடங்கும் கன அங்குலங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த உருளையின் கன அளவுதான் அரசுப் பில்லாக மாறி நிற்கிறது.

பூட்டிய விலையும் சில சமயம் தாக்குப்பிடிக்காது. 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி டெக்சாஸைத் தாக்கியது; செப்டம்பரில் இர்மா சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கியது. குப்பை லாரிகள் பல ஏற்கெனவே டெக்சாஸில். மிச்சம் இருந்தவை கூடுதல் விலை தருபவர் பக்கம் போயின. மலிவு விலைக்குக் கையெழுத்திட்ட சில கவுண்டிகளில் குப்பை வாரக்கணக்கில் தெருவிலேயே கிடந்தது. ஒப்பந்தம் கையில் இருந்தும் லாரி வரவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி அமெரிக்கத் தீவான புவெர்ட்டோ ரிகோவைப் புரட்டிப் போட்டது. இந்த முறை தவறியது குப்பை ஒப்பந்தம் அல்ல, உணவு ஒப்பந்தம். மூன்று கோடி உணவுப் பொட்டலங்களுக்கு 15.6 கோடி டாலர் ஒப்பந்தத்தை அட்லாண்டாவில் ஒரே ஒருவர் நடத்திவந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது ஃபீமா. வந்து சேர்ந்தவை 50,000 பொட்டலங்கள். தானே சூடேறும் பொட்டலம் வேண்டும் என்று கேட்டிருக்க, சூடேற்றும் பை தனியாகவும் உணவு தனியாகவும் வந்தன. ஒப்பந்தம் ரத்தானது. குறைந்த விலை எழுதுவது எவருக்கும் எளிது. எழுதியதைச் செய்யும் திறன் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

சின்ன நிறுவனங்களுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வாசல் வேறு. கூட்டரசு தானே கொடுக்கும் ஒப்பந்தங்களில் பேரிடர் நடந்த பகுதியின் நிறுவனங்களுக்கு முன்னுரிமை தர ஸ்டாஃபோர்டு சட்டம் சொல்கிறது. அதற்குப் போட்டியிட, கூட்டரசின் விற்பனையாளர் பதிவேடான சாம் என்ற தளத்தில் பதிய வேண்டும். பதிவு இலவசம்; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்; முடிவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். புயல் கரையைக் கடந்த மறுநாள் உட்கார்ந்து பதியத் தொடங்குபவர் அந்தப் போட்டியை இழந்தவரே. நாலைந்து டிப்பர் லாரி வைத்திருப்பவர் பெரிய ஒப்பந்ததாரரின் கீழ் சப்-கான்ட்ராக்ட் எடுப்பதே வழக்கம். அங்கே ஓர் ஆபத்து உண்டு. கத்ரீனாவுக்குப் பின் ஒரே வேலை பல கைகள் மாறி, லாரி ஓட்டியவர் கைக்கு வந்த தொகை முதல் கைக்குப் போனதில் சிறு பங்காகிவிட்ட கதைகள் ஏராளம். தனக்கு மேலே எத்தனை கைகள், எத்தனை நாளில் பணம் வரும் என்று கேட்காமல் கையெழுத்திடுபவருக்கு டீசல் செலவே பாரமாகிவிடும்.

வேலை முடிந்தபின்தான் உண்மையான சோதனை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கையாளர்கள் சில ஆண்டுகள் கழித்து வந்து சீட்டுகளைக் கேட்கலாம். லாரி எண் இல்லாத சீட்டு, கையெழுத்தில்லாத சீட்டு, அளக்காமலே எழுதிய சதவீதம் கிடைத்தால், அந்தத் தொகையை ஃபீமா திரும்பக் கேட்கும். கேட்பது நிறுவனத்திடம் இல்லை, கவுண்டியிடம். பணம் ஏற்கெனவே ஒப்பந்ததாரருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இழப்பு ஊர் மக்களின் வரியில்தான் விழும். அதனால் அனுபவப்பட்ட கவுண்டிகள் டெண்டர் மதிப்பீட்டில் விலைக்கு மட்டும் மதிப்பெண் போடுவதில்லை. முந்தைய வேலைகளில் சீட்டுகளை எப்படிக் காப்பாற்றினார்கள், தணிக்கையில் எவ்வளவு தள்ளுபடியானது என்றும் கேட்கிறார்கள். லாரியை வாடகைக்குக் கூட எடுத்துவிடலாம்; ஒழுங்காகக் கணக்கு எழுதும் ஆளைப் புயலடித்த மறுநாள் தேடினால் கிடைக்காது.