பச்சைக் கீரை சாலட்: பலனும் ஆபத்தும் நிவாரணமும்

2018-ஆம் ஆண்டின் முதல் பாதியில் அமெரிக்காவின் 36 மாநிலங்களில் 210 பேரை ஈ.கோலை கிருமி தாக்கியது. ஐந்து பேர் இறந்தார்கள், 27 பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. விசாரித்ததில், அரிசோனா மாநிலத்தின் யூமா பகுதியில் விளைந்த, பச்சையாகச் சாப்பிடப்படும் ரொமைன் லெட்டூஸ் கீரைதான் காரணம் என்று தெரிந்தது. அங்கே ஓடும் பாசனக் கால்வாயின் தண்ணீரிலும் அதே கிருமி இருந்தது.

தமிழ்ச் சமையலில் கீரையைக் கடைவார்கள், பொரிப்பார்கள், கூட்டு வைப்பார்கள். கொதி ஏறும்போது கிருமிகள் சாகின்றன. கோடைக்கு இதமாக இருக்கிறதென்று இப்போது வீட்டிலும் ஹோட்டலிலும் பரிமாறப்படும் பச்சைக் கீரை சாலட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சாக்கடை கலந்த நீரில் விளைந்த கீரையில் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் ஒட்டியிருக்கலாம். மனிதக் கழிவு கலந்திருந்தால் பன்றி நாடாப்புழுவின் முட்டைகளும் வரலாம். அவை வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டிகளாகத் தங்கி வலிப்பை உண்டாக்கக்கூடும்.

இதற்காகச் சாலட்டையே ஒதுக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். லெட்டூஸ், இளம் பாலக், வல்லாரை, புதினா, மல்லித்தழை, பருப்புக்கீரையின் கொழுந்து ஆகியவற்றைப் பச்சையாகச் சாப்பிடலாம். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை போன்றவற்றைச் சமைத்து உண்பதே நல்லது. அழுகிய, வழவழப்பான இலை உள்ள கட்டை வாங்கக் கூடாது. இயல்புக்கு மீறிய பச்சை தெரிந்தால், திரவ பாரஃபினில் நனைத்த பஞ்சால் இலையைத் தேய்த்துப் பார்க்கலாம். பஞ்சு பச்சையாக மாறினால் மாலகைட் கிரீன் என்ற சாயம் கலந்திருக்கிறது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் வழிகாட்டுகிறது.

எதோடு எதைச் சேர்ப்பது என்பதற்கு யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பல் நல்ல உதாரணம். பொடியாக அரிந்த வல்லாரையில் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து எலுமிச்சை பிழிகிறார்கள். எலுமிச்சையின் வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஏற்க உதவுகிறது. தேங்காயின் கொழுப்பு, இலையிலுள்ள பீட்டா கரோட்டின் உடலில் சேர வழி செய்கிறது. லெட்டூஸில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர்தான். வறுத்த வேர்க்கடலையோ வேகவைத்த கொண்டைக்கடலையோ சேர்த்தால் அதில் புரதமும் கூடும்.

பாலக், பருப்புக்கீரை இரண்டிலும் சிறுநீரகக் கல் உருவாகத் துணைபோகும் ஆக்சலேட் அதிகம். கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். தயிர் சேர்த்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிணைத்துவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றும்.

கட்டைப் பிரித்து, ஒவ்வோர் இலையாக, குடிக்கத் தகுந்த ஓடும் நீரில் கழுவ வேண்டும். சோப்பு வேண்டாம். உப்பு நீரிலோ மஞ்சள் நீரிலோ ஊறவைத்தால் எல்லாக் கிருமியும் போய்விடும் என்று நம்பவும் வேண்டாம். கழுவுவது கிருமிகளைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்காது. அதனால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர் ஆகியோருக்குச் சமைத்த கீரையே பாதுகாப்பு. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில், கலந்த சாலட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

இந்தியாவில் வாங்குபவருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. பொருளின் தரத்தையும் தூய்மையையும் அறியும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தருகிறது. எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டம், 2006 வயலில் நிற்கும் விவசாயியைக் கட்டுப்படுத்தாது. ஹோட்டலையும் பாக்கெட் சாலட் விற்பவரையும் கட்டுப்படுத்தும். அவர்களின் 14 இலக்க உரிம எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு வழங்க அச்சட்டத்தின் 65-ஆம் பிரிவு வகை செய்கிறது.

சாப்பிட்டபின் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பில், மருத்துவச் சீட்டு, மிச்சமான உணவின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும், தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 1915 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை.