சீட்டெடுக்கும் சின்னக் கை

2012 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. கெய்ரோவில் அப்பாசியா பகுதியிலுள்ள புனித மாற்கு பேராலயம் நிரம்பி வழிகிறது. காப்டிக் திருச்சபையின் தற்காலிகத் தலைவர் ஆயர் பகோமியோஸ், மூன்று பெயர்ச் சீட்டுகளைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டி, மூன்று பளிங்கு உருண்டைகளுக்குள் வைத்து மூடி, ஒரு கிண்ணத்தில் இடுகிறார். கிண்ணமும் அரக்கால் முத்திரையிடப்படுகிறது. ஆராதனை முடியும்வரை அது பலிபீடத்தின் மேலேயே இருக்கிறது. கடைசியில் 12 சிறுவர்களிலிருந்து பொறுக்கிய ஒரு சிறுவனை அழைத்து, கண்ணைக் கட்டி, கிண்ணத்தின் முன் நிறுத்துகிறார்கள். அவன் ஓர் உருண்டையை எடுத்துக் கொடுக்கிறான். உள்ளே இருந்த பெயர் தவாத்ரோஸ். மாற்குவின் வழியில் 118-வது மறைமுதுவர் அந்த நொடியில் கிடைத்துவிட்டார்.

சேரன்மகாதேவிக்காரர்களுக்கு இந்தக் காட்சியைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மாதாமாதம் குலுக்கல் சீட்டு போடும் வீட்டுத் திண்ணையில், "ஏல, இங்க வா, கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடு" என்று தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவது நமக்குப் பழகிய வேலை. சீட்டுக்காரரும் எடுக்கக் கூடாது, பணம் கட்டியவர்களும் எடுக்கக் கூடாது. யாருக்கு விழுந்தாலும் தனக்கு ஒன்றுமில்லை என்கிற கைதான் வேண்டும். ஆனால் மத்தியக் கிழக்கின் மிகப் பெரிய கிறிஸ்தவச் சமூகம், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மரபுள்ள பீடத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அதே வழியை ஏன் பிடித்துக்கொள்கிறது? இந்தக் கேள்விக்குள் இறங்கினால் மிக அழகான கணக்கு ஒன்று கிடைக்கிறது.

சிறுவனின் கை கடைசிப் படி மட்டுமே. அதற்கு முந்தைய படிகள் கடினமானவை. 1957-இல் வகுத்த விதிகளின்படி ஆயர்களும் பொதுநிலையினரும் அடங்கிய குழு ஒன்று வேட்பாளர்களைச் சலித்தது. 2012-இல் மிஞ்சியவர்கள் ஐந்து பேர். அக்டோபர் 29 அன்று 2,400 பேர் கொண்ட வாக்காளர் பட்டியலை வைத்துத் தேர்தல் நடந்தது. ஆயர் ரபாயேலுக்கு 1,980 வாக்கு, தவாத்ரோசுக்கு 1,623, துறவி ரபாயேல் அவா மினாவுக்கு 1,530 (ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பெயருக்கு வாக்களிக்கலாம்). இந்த மூவரின் பெயர்கள்தான் கிண்ணத்துக்குள் போயின. அதாவது, தகுதியைக் குழு பார்த்தது, மக்களின் மனதை வாக்கு பார்த்தது. முடிவு மட்டும் யார் கையிலும் இல்லை.

கணக்கு இப்படிப் போகிறது. ஒரு பதவி ஓர் அணிக்கு 30 லட்சம் ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். வாக்கு மட்டுமே முடிவு செய்யும் என்றால், வாக்குகளை வளைக்க அந்த அணி 30 லட்சம் வரை செலவழிக்கத் துணியும். கடைசியில் மூவரில் ஒருவரைக் குலுக்கி எடுப்பார்கள் என்றால், எவ்வளவு கொட்டினாலும் தங்கள் ஆள் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மூவருக்குள் இடம் பிடித்தபின் ஒரு ரூபாய் செலவழித்தாலும் வீண். 30 லட்சம் பெறும் பதவிக்கு 10 லட்சத்துக்கு மேல் செலவழிப்பவன் மூடன். லஞ்சத்தைத் தண்டித்து ஒழிக்க எத்தனையோ சட்டம் போடுகிறோம். குலுக்கல் லஞ்சத்தின் விலையையே குறைத்துவிடுகிறது.

இதே கணக்கு அரசாங்கத்துக்கும் பொருந்தும். செர்பிய மரபுவழித் திருச்சபை 1967-இல், கம்யூனிஸ்டு ஆட்சிக் காலத்தில், மறைமுதுவர் தேர்தலில் இந்த முறையைக் கொண்டுவந்தது. ஆயர்கள் வாக்களித்து மூவரைத் தேர்வார்கள், துறவி ஒருவர் மூன்று உறைகளில் ஒன்றை எடுப்பார். ஓர் ஆயரை மிரட்டலாம், பத்து ஆயர்களுக்கும் தூது அனுப்பலாம். உறைக்குத் தூது அனுப்ப எந்த உளவுத்துறைக்கும் வழி தெரியாது. 1990-இல் பாவ்லே, 2010-இல் இரினெய், 2021-இல் போர்ஃபிரியே மூவரும் இப்படி வந்தவர்களே.

ரஷ்யாவில் நடந்தது இதைவிட நெகிழ வைப்பது. 1700-இல் மறைமுதுவர் அத்ரியான் இறந்தபின், ஜார் பீட்டர் அந்தப் பதவியை நிரப்பவிடாமல் வைத்திருந்து, பிறகு ஒழித்தே விட்டார். இரு நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1917-இல், போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த நாட்களில், மாஸ்கோவில் கூடியிருந்த திருச்சபைப் பேரவை பதவியை மீட்டெடுத்தது. முதல் சுற்று வாக்குகளில் முன்னணியில் நின்றவர் கார்கிவ் பேராயர் அந்தோனி. பழைய நாட்காட்டிப்படி நவம்பர் 5 அன்று, முதிய துறவி அலெக்சி எடுத்த சீட்டில் இருந்ததோ திகோன் என்ற பெயர். வாக்கில் முந்தியவர் தோற்றார். பேரவை அதை ஒரே மனதாக ஏற்றது. நம்பிக்கையாளர்களுக்கு அது கடவுளின் விருப்பம். அப்போஸ்தலர் நடபடிகளில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டதை அவர்கள் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவரும் ஒன்றை ஒப்புக்கொள்வார்: தோற்றவருக்கு இதில் அவமானம் இல்லை, ஜெயித்தவருக்குக் கர்வப்பட இடமில்லை.

நம் மேற்கு மலையைத் தாண்டினாலே கிழக்கத்தியத் திருச்சபைகளின் நிலம் வந்துவிடுகிறது. மலங்கரையின் சிரியன் கிறிஸ்தவர்கள் 1653-இல் கூனன் குரிசுச் சத்தியம் என்ற எதிர்ப்பு உறுதிமொழிக்குப் பின் தங்களுக்கென ஒரு தலைவரை ஏற்படுத்திக்கொண்டார்கள். அவர்தான் முதலாம் மார் தோமா. பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தலைமை பகலோமற்றம் என்ற ஒரே குடும்பத்தில், மாமனிடமிருந்து மருமகனுக்கு என்கிற போக்கில் போய்க்கொண்டிருந்தது. ஆயர்கள் மணம் செய்யாதவர்கள், அதனால் அந்த ஏற்பாடு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சங்கிலி அறுந்தது. ஒரு குடும்பத்தின் உரிமை போனால் அடுத்தது யாருடைய உரிமை? ஆங்கிலேய ரெசிடென்டும் மிஷனரிகளும் கோட்டயத்தில் செல்வாக்கோடு இருந்த காலம் அது. 1825-இல் மூன்று பெயர்களை வைத்துச் சீட்டுப் போட்டுத்தான் சேப்பாட்டு பிலிப்போஸ் மல்பானைத் தேர்ந்தார்கள். மார் திவன்னாசியோஸ் என்ற பெயரில் பட்டம் ஏற்ற அவரே 1836-இல் மாவேலிக்கரை மன்றத்தில் மிஷனரிகளின் சீர்திருத்தங்களை மறுத்து நின்றார். சீட்டில் வந்ததால்தான் அவருக்கு அந்தத் துணிவு வந்தது என்று நிறுவ முடியாது. ஆனால் "நாங்கள் ஏற்றிவிட்ட ஆள்" என்று அவரைப் பார்த்துச் சொல்லும் உரிமை எந்த ஒரு தரப்புக்கும் முழுதாக இருக்கவில்லை என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

நம் கல்வெட்டுகளுக்கு வருவோம். காஞ்சிபுரம் அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேரும் குடவோலை முறையை விவரிக்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அதன் செய்முறையை நிதானமாகப் படித்தால் மெய்சிலிர்க்கிறது. ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டாரப் பிரிவுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, மேல்சீட்டாக வாயோலை வைத்துக் குடத்தில் இட வேண்டும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளிருப்பது அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் கட்டை எடுத்து வேறொரு குடத்தில் இட, அதைக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவன் எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலேயே ஏற்க வேண்டும். பிறகு அவன் வாசிக்க, அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? மடித்த விரலுக்குள் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம். எந்த மோசடிக்கு எந்தத் தடை என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 1,100 ஆண்டுக்கு முந்தைய அந்த மூளையை வணங்கத் தோன்றுகிறது.

குலைப்பதற்குத் தனி மரியாதை தர வேண்டும். 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்கா வியட்நாம் போருக்கு ஆளெடுக்க, ஆண்டின் 366 தேதிகளையும் குப்பிகளில் அடைத்துக் குலுக்கல் நடத்தியது. குப்பிகளை மாதவாரியாகப் பெட்டியில் இட்டார்கள், பிறகு போதுமான அளவு கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களின் குப்பிகள் மேலாகவே தங்கிவிட்டன. நவம்பரிலும் டிசம்பரிலும் பிறந்த இளைஞர்களின் தேதிகள் அளவுக்கு மீறி முதலிலேயே வந்தன. கை நேர்மையாக இருந்தும் பெட்டி நேர்மையாக இல்லை. புள்ளியியலாளர்கள் அதைச் சுட்டிக்காட்டிய பின், அடுத்த ஆண்டு முறையை மாற்ற வேண்டியிருந்தது. சீட்டுகள் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே மடிப்பு, நன்றாகக் கலப்பது, கண்ணை மறைப்பது, பலர் முன் திறப்பது: இவற்றில் ஒன்று குறைந்தாலும் சமவாய்ப்பு கெட்டுவிடும். கெய்ரோவில் இன்னொன்றும் செய்தார்கள். தவாத்ரோஸ் பெயர் வந்தபின், மீதி இரண்டு உருண்டைகளையும் திறந்து அதிலிருந்த பெயர்களைக் காட்டினார்கள். மூன்று சீட்டிலும் ஒரே பெயரா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

வெனிஸ் குடியரசும் 1268 முதல் தன் தலைவரைத் தேர வாக்கையும் குலுக்கலையும் மாற்றி மாற்றிப் பல சுற்று நடத்தியது. அங்கும் உருண்டைகளை எடுத்தது தெருவிலிருந்து அழைத்து வந்த ஒரு சிறுவனே.

குடம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று பெயர்களும் ஒரே அணியுடையவை என்றால் குலுக்கி என்ன பயன்? சலிக்கும் இடத்தில்தான் காவல் தேவை. உத்திரமேரூரார் அதை அறிந்திருந்தார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்தின் பக்கமே வரக் கூடாது. அண்மையில் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை. அதே சமயம் அந்தச் சபை பிராமண நிலவுடைமையாளரின் சபை. பெண்களுக்கும் உழைக்கும் சாதிகளுக்கும் அந்த ஓலையில் இடமில்லை. செய்முறையின் அழகை வியக்கும்போது இந்தக் குறையையும் சொல்லியாக வேண்டும்.

நம் தாமிரபரணிச் சீமையிலும் சலிக்கும் இடத்தில் காவல் வைக்கும் சிந்தனை இருந்தது. சேரன்மகாதேவியும் உத்திரமேரூரைப் போல ஒரு காலத்தில் பிரம்மதேய ஊர்தான். திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில் உள்ள பாண்டியன் மாறஞ்சடையன் காலக் கல்வெட்டு உத்திரமேரூருக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. அதில் குடமில்லை. ஆனால் சபையில் பேசத் தகுதியானவர் யார் என்று வரையறுத்ததோடு, எந்தத் தீர்மானம் வந்தாலும் கூடாது கூடாது என்று முட்டுக்கட்டை போடுபவருக்கும் அவருக்குத் துணை போவோருக்கும் 5 காசு தண்டம் விதித்திருக்கிறார்கள்.

இன்றைய அறிஞர்களும் இந்தப் பழைய வழியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகம் 18-ஆம் நூற்றாண்டில் பேராசிரியர்களை, மூவரைத் தேர்ந்தபின் சீட்டுப் போட்டே நியமித்தது. வேண்டியவர்களுக்கே பதவி போவதைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. 2020-இல் மார்கிட் ஓஸ்டர்லோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட பரிசோதனை முடிவு இன்னும் சுவையானது. போட்டியில் மட்டும் வென்று வந்த தலைவர்களைவிட, தேர்வும் குலுக்கலும் சேர்ந்து வந்த தலைவர்கள் தங்கள் அதிகாரத்தைக் குறைவாகவே தவறாகப் பயன்படுத்தினார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட திருநெல்வேலித் திருமண்டலம் 1896-இல் உருவானபோது முதல் பேராயர் சாமுவேல் மார்லி இங்கிலாந்துக்காரர். 1953-இல் ஜெபராஜ் வரும்வரை பேராயர்கள் எல்லோரும் வெள்ளையர்களே. நம்மவர் கைக்கு வந்த உரிமையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைத் திருமண்டலத் தேர்தல் காலத்தில் அணிகளும் சுவரொட்டிகளும் நெல்லைத் தெருக்களில் சொல்லும். கோயில் கமிட்டி, ஜமாத், சாதிச் சங்கம், கூட்டுறவுச் சங்கம் எதுவும் இதற்கு விலக்கில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையிலோ சங்கத்திலோ அடுத்த முறை பொருளாளர் பதவிக்கு இரண்டு அணி மல்லுக்கு நின்றால், மூன்று பேர் வரை வாக்கெடுத்துத் தேர்ந்து, கடைசிப் படியைக் குடத்திடம் விட்டுப் பாருங்கள். சீட்டுகளை ஒரே அளவில் வெட்டுங்கள், நன்றாகக் கலக்குங்கள், ஒரு சிறு பிள்ளையைக் கூப்பிடுங்கள், மீதிச் சீட்டுகளையும் எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டுங்கள்.