பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், சிலிண்டரைப் பாருங்கள்

திருப்பூரில் பழைய நிட்டிங் மெஷின் விலை பேசப் போனால் முதலில் காட்டுவது பிராண்டு பெயர், அடுத்தது புதுப் பெயின்ட். துணியில் இரண்டுமே தெரியாது. தெரிவது சிலிண்டர்.

30 அங்குல டயா, 24 கேஜ் சிங்கிள் ஜெர்சி மெஷினில் சுமார் 2,260 ஊசிகள். ஒவ்வொன்றும் சிலிண்டரில் தனக்கான காடிக்குள் ஏறி இறங்குகிறது. வருடக்கணக்கில் ஓடியதில் காடிச் சுவர் தேய்ந்தால் ஊசி பக்கவாட்டில் ஆடும். துணியில் நெடுக்கே கோடு விழும். ஊசி கெட்டாலும் இதே நீடில் லைன்தான். அதனால் விற்பவர் "ஊசியை மாத்தினா சரியாயிருங்க" என்பார். மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். புது ஊசியிலும் கோடு அதே இடத்தில் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் காடியில்தான். கேம் பாக்ஸைக் கழற்றச் சொல்லி, புது ஊசியைக் காடியில் போட்டு விரல் நுனியால் ஆட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் போதாது, சிலிண்டரைச் சுற்றிப் பல இடங்களில்.

கிரே துணியில் இந்தக் கோடு பல நேரம் கண்ணுக்குச் சிக்காது. நேவியோ கறுப்போ ஏறிய பிறகுதான் பல்லிளிக்கும். அதற்குள் பார்ட்டியின் நூலும் போயிற்று, சாயக்கூலியும் போயிற்று. டெபிட் நோட் உங்கள் பெயருக்கு வரும். கூலி கிலோவுக்குச் சொற்ப ரூபாய், பிடித்தமோ துணியின் முழு விலைக்கு. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் நூலில் ஒரு ரோல் ஓட்டி, அடர் நிறத்தில் சாயம் போட்டுப் பாருங்கள். அதற்கு ஒப்பாத விற்பனையாளர் பாதி பதிலைச் சொல்லிவிட்டார்.

பாசிட்டிவ் ஃபீடர், ஆயிலர், பெல்ட் எல்லாம் கெட்டிருந்தால் கவலை வேண்டாம். காசுக்குக் கிடைக்கும், பேரத்துக்கும் உதவும். ரிப், இன்டர்லாக் மெஷினில் டயலும் சிலிண்டரும் சேர்ந்து சுழல்வதால் பெரிய கியரில் ஆட்டம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 'ஜெர்மன் மெஷின், ஸ்பேர் எப்போதும் வரும்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 1905-இல் தொடங்கிய மேயர் அண்ட் சீ நிறுவனமே 2025-இல் திவால் மனு போட்டது.

பிறகு உற்பத்திக் கணக்கு. 30-ஆம் நம்பர் நூல், லூப் லெங்த் 2.8 மி.மீ. 60 ஃபீடர் மெஷின் 18 ஆர்.பி.எம்.-இல் நிற்காமல் ஓடினாலும் மணிக்கு 8 கிலோதான். 90 ஃபீடர், 25 ஆர்.பி.எம். என்றால் அதுவே 16 கிலோவைத் தாண்டும். இடமும் ஆபரேட்டர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றே. சிலிண்டரைப் புதிதாகப் போட்டாலும் ஃபீடர் கூடப் போவதில்லை.

சிலிண்டர் மாற்றியே ஆக வேண்டும் என்று ஃபிட்டர் சொன்னால் புது சிலிண்டர், முழு ஊசி செட், சிங்கர் செட், கேம், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, மெஷின் சும்மா நிற்கும் வாரங்கள் ஆகியவற்றைக் கூட்டுங்கள். மெஷின் விலையைச் சேர்க்கவே வேண்டாம். சும்மா கொடுத்தாலும் கட்டுமா என்று பாருங்கள். 60 ஃபீடரில் பெரும்பாலும் கட்டாது.