ஆமை முதுகுல ஓர் உலகம்!

மொத்தம் 41 நாவல்னு கேட்டதுமே தலைசுத்துதா பாஸ்? டெர்ரி பிராட்செட்டோட 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையை எங்கே ஆரம்பிக்கறதுன்னு ரசிகர்களுக்குள்ளேயே பட்டிமன்றம் உண்டு. எட்டாவதா வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) பெட்டர், முதல் புக் சுமார்தான்னு பலர் சொல்வாங்க. என் ஓட்டு முதல் புக்குக்கே... 1983-ல வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்'!

கதை தாவித் தாவித்தான் ஓடும், ஒத்துக்கறேன். ஆனா, ராட்சத ஆமை, அதுமேல நாலு யானை, அதுக்கும் மேல தட்டு மாதிரி உலகம். அங்கே ரின்ஸ்விண்ட்னு ஒரு அரைகுறை மந்திரவாதி. தலைக்குள்ள இருக்கறது ஒரே மந்திரம். அதுக்குப் பயந்து வேற எதுவும் உள்ளே நுழையாது. அவர்கிட்ட மாட்டற டூரிஸ்ட் டூஃப்ளவர், மதுக்கடை ஓனருக்குத் தீ இன்ஷூரன்ஸ்னா என்னன்னு விளக்க, அவர் காசுக்காகச் சொந்தக் கடையையே கொளுத்த... ஊரே பத்திக்குது! இது முதல் பகுதியிலேயே வந்துடும்.

ஒரு எச்சரிக்கை: முடிவு அந்தரத்துல நிக்கும். கையோட 'தி லைட் ஃபென்டாஸ்டிக்'கையும் (1986) எடுத்து வெச்சுக்கங்க.