விமானத்தில் எந்த சீட் நல்ல சீட்? காசு கட்டும் முன் கவனிக்க வேண்டியவை!

விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டப்போகும் நேரத்தில் போன் திரையில் ஒரு படம் விரியும். கட்டம் கட்டமாக இருக்கைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விலை. முன்வரிசைக்கு ஒரு ரேட், ஜன்னல் ஓரத்துக்கு ஒரு ரேட், எமர்ஜென்சி கதவருகே அதைவிட அதிகம். முதல்முறை விமானம் ஏறும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறும். ‘காசு கட்டாவிட்டால் சீட்டே கிடைக்காதோ?’ என்ற பயத்தில் கிடைத்ததை அழுத்திவிடுவார்கள்.

ஒரு சீட்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பேர் போய்வர 2,400 ரூபாய் ஆகிறது. அந்தப் பணம் எப்போது அவசியம், எப்போது வீண் என்று தெரிந்துகொள்வது நல்லது.

காசு கட்டாமலும் சீட் உண்டு

சீட் தேர்வு என்பது கட்டாயம் அல்ல. விருப்பப்பட்டால் மட்டுமே வாங்கும் கூடுதல் சேவை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ-வின் விதிகளும் அதையே சொல்கின்றன. சீட் தேர்வு செய்யாதவர்களுக்கு விமான நிறுவனமே ஓர் இடத்தை ஒதுக்கிவிடும். வெப் செக்-இன் செய்யும்போது ‘தவிர்’ என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு பட்டன் இருக்கும். அதைத் தேடி அழுத்தினால் போதும்.

பெரும்பாலான நிறுவனங்களில் விமானம் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பு வெப் செக்-இன் தொடங்கும். கட்டணமில்லாத இடங்கள் பெரும்பாலும் மிடில் சீட்டாகவும் பின்வரிசையாகவும்தான் இருக்கும். ஒன்றேகால் மணி நேர சென்னை - மதுரை பயணத்துக்கு அது போதாதா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

குழந்தையோடு போகிறீர்களா?

12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பி.என்.ஆர். எண்ணில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகில் இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. உத்தரவிட்டது. இதில் ‘அதே பி.என்.ஆர்.’ என்பது முக்கியம். அம்மாவும் பிள்ளையும் ஒரு டிக்கெட்டில், அப்பா வேறு டிக்கெட்டில் என்று தனித்தனியாக புக் செய்தால் கணினிக்கு இவர்கள் ஒரே குடும்பம் என்று தெரியாது. அதையும் மீறிக் குழந்தைக்கு வேறு வரிசை விழுந்தால், விமான நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே போய், செக்-இன் கவுன்டரில் இந்த உத்தரவைச் சொல்லிக் கேட்கலாம்.

ஒருவர் அருகில் என்றுதான் விதி சொல்கிறது. முழுக் குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார வேண்டுமென்றால் காசு கொடுப்பதுதான் உறுதியான வழி.

கைக்குழந்தை மடியில் இருந்தால் இன்னொரு விஷயம். மூன்று இருக்கைகளுக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்ஸிஜன் முகமூடிகள்தான் இருக்கும். அதனால், அந்த மூன்று இருக்கைகளில் ஒரு கைக்குழந்தையை மட்டுமே அனுமதிப்பார்கள். இரண்டு கைக்குழந்தைகளோடு வரும் அக்கா, தங்கை அடுத்தடுத்த சீட் கேட்டால் கிடைக்காது. நடைவழிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக எடுத்துக்கொள்ளலாம்.

வயதான அப்பா, அம்மாவுக்கு

பெரியவர்களுக்கு ஐல் சீட் எனப்படும் நடைவழி ஓரம்தான் வசதி. யாரையும் எழுப்பாமல் டாய்லெட் போய்வரலாம். மூன்றுக்கு மூன்று அமைப்புள்ள ஏர்பஸ் ஏ320, போயிங் 737 விமானங்களில் சி, டி இரண்டும் ஐல் சீட்கள்.

முழங்கால் வலி இருப்பவர்களுக்கு இதிலும் ஒரு கணக்கு உண்டு. சி சீட்டில் உட்கார்ந்தால் நடைவழி வலப்பக்கம் வரும். டி-யில் உட்கார்ந்தால் இடப்பக்கம். ஆக, வலது காலை அவ்வப்போது நீட்ட வேண்டியவருக்கு சி, இடது காலை நீட்ட வேண்டியவருக்கு டி. சாப்பாட்டு வண்டி வரும்போது மட்டும் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். பல விமானங்களில் நடைவழிப் பக்கக் கைப்பிடியின் அடியில் ஒரு சின்ன விசை இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே தூக்கிக்கொள்ளும். உட்காரவும் எழவும் சிரமப்படுபவர்களுக்கு இது பெரிய உதவி.

டாய்லெட் பக்கம் வேண்டும் என்பதற்காகக் கடைசி வரிசையை எடுக்க வேண்டாம். பல விமானங்களில் அந்த இருக்கை பின்னால் சாயாது. வரிசையில் நிற்பவர்கள் தோளில் இடிப்பார்கள். அதிலிருந்து மூன்று, நான்கு வரிசை முன்னால் எடுத்தால் நிம்மதி.

ஜன்னல் ஓரம்... எந்தப் பக்கம்?

ஏ, எஃப் இரண்டும் ஜன்னல் ஓரம். ஏ இடப்பக்கம், எஃப் வலப்பக்கம். சென்னையிலிருந்து டெல்லி போகும் விமானம் வடக்கு நோக்கிப் பறக்கும். காலை விமானம் என்றால் வெயில் எஃப் பக்கம் அடிக்கும். நிழல் வேண்டுபவர்கள் ஏ எடுக்கலாம். மாலையில் அப்படியே தலைகீழ். டெல்லியிலிருந்து டார்ஜிலிங் செல்ல பாக்டோக்ரா போகிறவர்கள் ஏ எடுத்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் இமயமலைத் தொடரைப் பார்க்கலாம். திரும்பும்போது எஃப்.

இறக்கைக்கு மேல் உள்ள வரிசைகளில் கீழே எதுவும் தெரியாது. ஆனால், விமானம் குலுங்கும்போது ஆட்டம் குறைவாகத் தெரிவதும் அங்கேதான். பயணத்தில் வாந்தி வருபவர்களுக்கு அதுவே நல்ல இடம். வால் பகுதியில் குலுக்கல் அதிகம்.

ஜன்னல் சீட்டுக்குக் காசு கட்டியும் ஜன்னல் இல்லாமல் போவதும் உண்டு! போயிங் 737 விமானங்களில் இறக்கைக்குச் சற்று முன்னால் ஓரிரு வரிசைகளில் ஏ.சி. குழாய் சுவருக்குள் போகும். அங்கே ஜன்னலுக்குப் பதில் வெறும் சுவர்தான் இருக்கும். எந்த வகை விமானம் என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டு, அதன் சீட் படத்தை இணையத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கால் நீட்ட இடம் வேண்டுமா?

உயரமானவர்களுக்கு எமர்ஜென்சி கதவை ஒட்டிய வரிசைதான் முதல் சாய்ஸ். பல ஏ320 விமானங்களில் அது 12, 13-ம் வரிசை. ஆனால், அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். குழந்தைகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், உடல் தளர்ந்த முதியவர்கள் காசு கட்டியிருந்தாலும் இடம் மாற்றிவிடுவார்கள். வீல்சேர் கேட்டிருக்கும் தாத்தாவுக்குக் ‘கால் நீட்டட்டும்’ என்று அந்த சீட்டை வாங்குவது வீண் செலவு.

இரண்டு கதவு வரிசை இருந்தால் பின்னால் இருப்பதை எடுங்கள். முன்னால் இருப்பதும், அதற்கு முந்தைய வரிசையும் பல விமானங்களில் சாயாது. முதல் வரிசையிலும் கால் நீட்டலாம். ஆனால் முன்னால் இருக்கை இல்லாததால், கைப்பையை மேலே வைத்துவிட வேண்டும்.

சீக்கிரம் இறங்க...

ஏரோபிரிட்ஜ் வழியாக இறங்கினால் முன்வரிசைக்காரர்கள் முதலில் வெளியே போவார்கள். விமானத்தைத் தள்ளி நிறுத்திப் பேருந்தில் அழைத்துப் போகும்போது பின்கதவையும் பெரும்பாலும் திறப்பார்கள். அப்போது கடைசி வரிசைக்கும் அதே வேகம்தான். எந்த முறை என்பது முன்கூட்டியே தெரியாது என்பதால், இதற்காகக் காசு செலவழிப்பது சூதாட்டம்தான்.

தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு வரும் ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானத்தில் கணக்கே வேறு. இரண்டுக்கு இரண்டு என்பதால் மிடில் சீட்டே கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாக என்பதால் பின்வரிசைதான் முதலில் இறங்கும். விசிறிக்கு அருகில் உள்ள முன்பக்க வரிசைகளில் சத்தம் அதிகம். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் அது தரையை மறைக்காது.

பாதுகாப்பான சீட் எது?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தில் இருந்த 242 பேரில் உயிர் பிழைத்தவர் ஒருவர்தான். அவர் இருந்த இடம் 11ஏ. அந்தச் செய்திக்குப் பிறகு பலர் 11ஏ சீட்டைத் தேட ஆரம்பித்தார்கள். ஆனால், அது போயிங் 787 என்ற பெரிய விமானம். அதில் 11ஏ எமர்ஜென்சி கதவருகே இருந்தது. உள்ளூரில் பறக்கும் பல ஏ320 விமானங்களில் 11ஏ என்பது கதவு வரிசைக்கு முந்தைய, சாயாத இருக்கை. போயிங் 737-ல் ஜன்னலே இல்லாத இருக்கையாகவும் இருக்கலாம். எண்ணில் எந்த ராசியும் இல்லை.

எந்த சீட்டிலும் செய்யக்கூடியவை மூன்று. உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க பெல்ட்டைப் போட்டிருப்பது. கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்வது. அவசரமாக இறங்கச் சொன்னால் பையை எடுக்காமல் ஓடுவது.

எப்போது காசு கட்டலாம்?

வயதானவர், உடல்நலம் சரியில்லாதவர், மிக உயரமானவர், குடும்பம் பிரியாமல் உட்கார நினைப்பவர்கள் தயங்காமல் கட்டலாம். நால்வர் போகிறீர்கள் என்றால், நால்வருக்கும் கட்ட வேண்டும் என்பதில்லை. தேவைப்படும் ஒருவருக்கும் அவருக்குத் துணையாக ஒருவருக்கும் மட்டும் எடுத்தால் செலவு பாதிதான்.

காசு கட்டிய பிறகு விமானத்தை மாற்றி வேறு இடம் கொடுத்துவிட்டால், பழைய போர்டிங் பாஸைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சீட் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால், மத்திய அரசின் ‘ஏர்சேவா’ ஆப்பில் புகார் பதியலாம்.