கறுப்பினக் கலைஞர்களின் குறும்படங்கள்: சில குறிப்புகள்

உயர்தர வகுப்பில் சிறுகதை படிப்பிக்கும்போது வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "நாவலைச் சுருக்கினா சிறுகதைதானே சேர்?" இல்லை. அதன் கட்டுமானமே வேறு. குறும்படத்துக்கும் இது பொருந்தும் என்பதை எனக்கு விளங்கவைத்தவை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் சுயாதீனக் குறும்படங்கள்.

1965இல் லொஸ் ஏஞ்சல்ஸின் வொட்ஸ் பகுதிக் கறுப்பின மக்கள் பொலிஸ் கெடுபிடிக்கும் வறுமைக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின் அந்நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறையில் சிறுபான்மை இன மாணவர்களுக்கு வழி திறந்தது. சார்ள்ஸ் பேர்னட், ஹைலே கெரிமா, ஜூலி டாஷ் ஆகியோர் அங்கு படித்தவர்களே. வேலைக்காரி, திருடன், கோமாளி என்று ஹொலிவூட் வார்த்துவைத்திருந்த அச்சுகளை இவர்கள் ஏற்க மறுத்தனர். விமர்சகர் கிளைட் டெய்லர் பின்னாளில் இவர்களது இயக்கத்தை 'எல்.ஏ. கலகம்' என்றழைத்தார்.

ஏன் குறும்படம்? முதற் காரணம் காசு. பிலிம் சுருளும் அதைக் கழுவும் செலவும் மாணவரின் மடிக்குப் பாரம். கமெரா பல்கலைக்கழகத்தினுடையது, நடிக்க நண்பரும் அயலவரும், ஒருவர் படத்துக்கு இன்னொருவர் ஒளிப்பதிவு. ஆனால் பணம் போட்ட முதலாளி இல்லாததால் "இதை மாற்று" என்று சொல்லவும் ஆளில்லை. வறுமை கொடுத்த சுதந்திரம் அது.

டாஷின் 'இல்யூஷன்ஸ்' (1982) 34 நிமிடப் படம். கதை நடப்பது 1942இல், ஒரு ஹொலிவூட் ஸ்டூடியோவில். அங்கு அதிகாரியாக இருக்கும் மினியோனை எல்லோரும் வெள்ளைக்காரி என்றே நினைக்கிறார்கள். அவளோ கறுப்பினப் பெண். வெள்ளை நடிகையின் வாயசைவுக்குப் பின்னணி பாட எஸ்தர் என்ற கறுப்பினப் பெண் வருகிறாள். குரல் இவளது, திரையில் முகம் மற்றவளது. எஸ்தர் மினியோனை அடையாளம் கண்டுகொள்கிறாள். வேலையைக் காப்பாற்ற முகத்தை மறைத்தவளும் குரலைக் கொடுத்து முகம் இழந்தவளும் எதிரெதிரே நிற்கும் இடமே படத்தின் உயிர். 2020இல் இது அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

பேர்னட்டின் 'வென் இட் ரெயின்ஸ்' (1995) வெறும் 13 நிமிடம். புதுவருடத் தினத்தன்று, வாடகை கட்ட முடியாத ஒரு தாயும் மகளும் வீட்டை இழக்கும் நிலையில் நிற்கிறார்கள். அயலிலுள்ள ஒருவர் அவர்களுக்காகத் தெரிந்தவர்களிடமெல்லாம் கை நீட்டிப் போகிறார். பெரும்பாலும் அவர்களும் இல்லாதவர்கள்தான். கடைசியில் காரியம் முடிவது காசால் அல்ல, ஒரு பழைய ஜாஸ் இசைத்தட்டால். வீட்டுக்காரரும் அந்த இசைக்கு அடிமை! பகைவன் என்று நாம் நினைத்தவனும் அதே மண்ணின் மனிதன் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

அயலவரின் உரிமை பற்றி எத்தனையோ பயான்கள் கேட்டிருக்கிறோம். இந்தப் படம் ஒரு வார்த்தைகூடப் போதிப்பதில்லை. அந்த மனிதரோடு நம்மையும் படியேறி இறங்க வைக்கிறது, அவ்வளவுதான். சினிமா என்றாலே முகம் சுளிக்கும் நம்மவர்களுக்கும் இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

படம் எடுக்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெரிய படத்துக்குக் காசு சேரும்வரை இருக்காதீர்கள். உங்கள் ஒழுங்கையில் வாடகை கட்ட முடியாத வீடு எது என்று முதலில் தேடிப் பாருங்கள்.