உதவப் போகும் பிள்ளை எதைக் கற்று வர வேண்டும்?

ஆடி, ஆவணி மாதங்களில் யாழ்ப்பாணம் புலம்பெயர் உறவுகளால் நிறைந்துவிடும். அவ்வேளைகளில் சில பெற்றோர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எம்மிடம் வருவதுண்டு. “பாதர், பிள்ளை இரண்டு கிழமை இங்கை நிக்கிறா. சிறுவர் இல்லம் ஒண்டிலை சேவை செய்ய விருப்பப்படுறா” என்பார்கள். நல்ல மனதோடு வரும் கேள்வி இது. இதற்கு நாம் என்ன பதில் சொல்ல வேண்டும்? இன்னொரு பிள்ளை மேற்கொண்ட பயணத்தை முதலில் பார்ப்போம்.

ஒரு பத்திரிகைச் செய்தி

1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கனடாவின் ரொறன்ரோ நகருக்கு அருகே வாழ்ந்த கிரெய்க் கீல்பேர்கர் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் பத்திரிகையில் ஒரு செய்தியை வாசித்தான். பாகிஸ்தானில் ஏறக்குறைய அவனுடைய வயதையே உடைய இக்பால் மசீஹ் என்ற சிறுவன் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தி அது. முரிட்கே என்ற ஊரைச் சேர்ந்த ஏழைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை இக்பால். 600 ரூபா கடனுக்காக நான்கு வயதிலேயே கம்பளத் தறியில் கட்டுண்டவன். பத்து வயதளவில் தப்பி வெளியேறி, கொத்தடிமை ஒழிப்பு முன்னணியின் உதவியுடன் பள்ளி சென்றான். மற்றப் பிள்ளைகளின் விடுதலைக்காகவும் பேசினான். 1994இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மனித உரிமை விருது பெற்றான். 1995 ஏப்ரல் 16, உயிர்ப்பு ஞாயிறன்று அவன் உயிர் பறிக்கப்பட்டது.

600 ரூபா ஒரு பிள்ளையை எவ்வாறு ஆண்டுக்கணக்கில் கட்டிவைக்கும்? தறி முதலாளி கொடுக்கும் முற்பணத்தை அங்கே ‘பெஷ்கி’ என்பர். அதற்கு வட்டி ஏறும். பிள்ளை உண்ணும் உணவு கணக்கில் ஏறும். நெசவில் பிழை விட்டால் தண்டம் ஏறும். வீட்டில் நோய் வந்தால் மேலும் கடன். கணக்குப் புத்தகம் முதலாளியிடம். எழுத வாசிக்கத் தெரியாத குடும்பம் மறுபக்கம். பிள்ளை வேலை செய்யச் செய்யக் கடன் கூடுமேயன்றிக் குறையாது. இந்தியா 1976இலும் பாகிஸ்தான் 1992இலும் கொத்தடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தன. ஆயினும் கணக்குப் புத்தகங்கள் மூடப்படவில்லை.

ஏழு வாரங்கள்

கிரெய்க் வகுப்புத் தோழர்களைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினான். 1995 டிசம்பரில், பங்களாதேசத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இளைஞர் ஒருவரின் துணையோடு தெற்காசியாவுக்குப் புறப்பட்டான். பங்களாதேசம், தாய்லாந்து, இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் என ஏறக்குறைய ஏழு வாரங்கள் பயணம் நீடித்தது.

சென்னையில் அவன் எட்டு வயதுத் தமிழ்ச் சிறுமி ஒருத்தியைக் கண்டான். பாவித்த மருத்துவ ஊசிகளைப் பிரித்துத் தரம் பிரிப்பது அவளுடைய வேலை. கையுறையும் இல்லை, காலில் செருப்பும் இல்லை. டெல்லிக்கு அருகே கைலாஷ் சத்யார்த்தி நிறுவிய முக்தி ஆசிரமத்தில், தறிகளிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்களோடு பேசினான். பின்னாளில், 2014இல், நொபெல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இந்தச் சத்யார்த்தியே. முரிட்கேயில் இக்பாலின் கல்லறைக்கும் கிரெய்க் சென்றான்.

இந்தப் பயணத்தில் அவன் எவருக்கும் வீடு கட்டவில்லை, பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளிடம் கேட்டான், அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். அதே வேளையில் கனடாப் பிரதமர் ஜோன் கிரெட்டியன் பெரிய வர்த்தகக் குழுவுடன் தெற்காசியாவில் நின்றார். கிரெய்க் டெல்லியில் பத்திரிகையாளரைக் கூட்டி, வர்த்தகம் பேச வந்தவர்கள் சிறுவர் உழைப்பைப் பற்றியும் பேசவேண்டும் என்றான். முதலில் சந்திக்க முன்வராத பிரதமர் பின்னர் அவனைச் சந்தித்தார். தான் கண்டதைத் தன் சொந்த நாட்டின் அதிகாரத்தின் முன்னே வைத்ததே அப்பயணத்தின் பெரும் பயன் என்பது எமது கருத்து.

அடுத்து வந்த பாடம்

அவ்வமைப்பு பின்னர் பல நாடுகளில் பாடசாலைகள் கட்டியது. அதனோடு இணைந்த நிறுவனம் இளையோருக்கான கட்டணத் தொண்டர் பயணங்களை நடத்தியது. 2020இல் கனடா அரசின் மாணவர் திட்டம் ஒன்று தொடர்பாகப் பெரும் சர்ச்சையில் சிக்கி, கனடாவில் தன் பணிகளை முடிவுறுத்துவதாக அவ்வமைப்பு அறிவித்தது. கேட்பதற்காகத் தொடங்கிய பயணங்கள் விற்பனைப் பொருளாகும் வேளையில் எச்சரிக்கை தேவை. சிறுவர் இல்லங்களை நோக்கிய தொண்டர் சுற்றுலாவின் தீமைகளை 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் சுட்டிக்காட்டியது. பார்வையாளர் பணம் வரும் இடத்தில், தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளைக்கூட இல்லங்களில் சேர்க்கும் ஆசை வளர்கிறது.

எம் அனுபவத்தையும் மறைக்காமல் சொல்வோம். சில வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து வந்த மாணவி ஒருத்தியை இரண்டு கிழமைக்கு ஒரு சிறுமியர் இல்லத்தில் சேர்த்துவிட்டவர்கள் நாமே. அங்கிருந்த ஆறு வயதுப் பிள்ளை அவளோடு ஒட்டிக்கொண்டது. மாணவி போன பிறகு அது ஒழுங்காகச் சாப்பிடவில்லை; படலையில் நின்று “அக்கா எப்ப வருவா?” என்று கேட்டபடி இருந்தது. விசாரித்தபோது, பிள்ளையின் தாய் வன்னியில் இருப்பதும், பஸ் காசு இல்லாமையால் மாதம் ஒருமுறைகூட வந்து பார்க்க முடியாமல் இருப்பதும் தெரியவந்தது. விமானச் சீட்டுக்கு இலட்சக்கணக்கில் செலவான கதையில் பஸ் காசைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. பின்னர் நாம் எழுதியதும் தாயின் போக்குவரத்துச் செலவை அந்த மாணவியே பொறுப்பேற்றாள். அவள் செய்த உண்மையான சேவை அதுதான்.

எமது குசினி

அடிமைத்தனம் தூர தேசத்துக் கதை என்று நாம் எண்ணக்கூடாது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகளுக்கென்றே விதிகள் இருந்தன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இலேயே. அதன் பின்னும், மலையகத் தோட்டங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வீட்டுவேலைக்கு வைக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து நடுத்தர வீடுகளில் நெடுங்காலம் நிலவியது. “எங்கடை பிள்ளை மாதிரி” என்றோம். ஆனால் எங்கள் பிள்ளை பள்ளிக்குப் போனது. அந்தப் பிள்ளை சோற்றுப் பானையைக் கழுவியது. தரகர் பெற்றோருக்குக் கொடுத்த முற்பணம், இக்பாலின் பெஷ்கிக்குத் தூரத்து உறவு அல்ல.

2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி எரிகாயங்களோடு உயிரிழந்தபோது நாடே அதிர்ந்தது. அதே ஆண்டிலேயே வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. கடனுக்கு ஈடாக ஒருவரை அடிமைகொள்வது 2006 முதல் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். சட்டம் இருக்கிறது, அயலவரின் கண் திறந்திருக்க வேண்டும். பிள்ளை ஒன்று இவ்வாறு வேலை செய்வதைக் கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

மீட்டெடுப்பது முதற்படி மட்டுமே. குடும்பத்தின் கடன் தீராவிட்டால் பிள்ளை மறுபடியும் வேலைக்கே போகும். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்வதற்கு இடைக்கால வகுப்பு வேண்டும். தாய்க்கு வருமானம் வேண்டும். பல மாதங்கள் மாறாமல் அருகில் நிற்கும் ஒரு பெரியவரும் வேண்டும். இரண்டு கிழமைத் தொண்டரால் இவற்றைக் கொடுக்க முடியாது. ஆனால் இவற்றைக் கொடுப்பவர்களுக்குத் துணைநிற்க முடியும்.

ஆகவே இப்போது வரும் இளையோரிடம் நாம் சொல்வது இதுதான்: இல்லத்துப் பிள்ளைகளோடு படம் எடுக்க வேண்டாம். எமது களப்பணியாளரோடு கிராமத்துக்கு வாருங்கள். சங்கக் கூட்டத்தின் பின்வாங்கிலில் அமர்ந்து, தாய்மாரின் கடன் கணக்கைக் கேளுங்கள். திரும்பிப் போய், நீங்கள் வாங்கும் கம்பளமும் உடுப்பும் யாருடைய கைகளால் ஆனவை என்று உங்கள் ஊரில் கேளுங்கள்.

கிராமக் குழுக்களின் சிந்தனைக்கு

1. எமது கிராமத்தில் பள்ளி செல்லாது வேலை செய்யும் பிள்ளை யார்? அவருடைய பெயர் எமக்குத் தெரியுமா?

2. சிறுவர் இல்லத்தில் இருக்கும் எமதூர்ப் பிள்ளை வீடு திரும்ப எது தடையாக உள்ளது? அதை நீக்க எவ்வளவு பணம் தேவை?

3. அடுத்த விடுமுறையில் வரும் எமது உறவுப் பிள்ளைக்கு நாம் எதைக் காட்டப் போகிறோம்?